கலைச்சொல் விவாதம்: ரத்தினக் கல்லின் ‘பிடிவிளிம்பு’

அன்புள்ள ஐயா, குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பட்டை தீட்டிய கல்லின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் சந்திக்கும் சுற்று ஓரத்தை (ஆங்கிலத்தில் girdle) ‘மேகலை’ என்றோ ‘அரைஞாண்’ என்றோ வழங்கலாம் எனத் தாங்கள் எழுதியிருந்தீர்கள். இரண்டும் செவிக்கு இனியவை. ஆயினும் நகைத்தொழில் சொற்பட்டியலில் அவற்றைச் சேர்க்க என் மனம் ஒப்பவில்லை. இரண்டுமே ஏற்கெனவே நகைகளின் பெயர்கள். ‘அரைஞாணில் கீறல் உள்ளது’ என்று ஒரு சீட்டில் எழுதினால், அதைப் படிக்கும் வடசேரி ஆசாரி இடுப்பு நகையைத்தான் எடுத்துப் பார்ப்பார். களியக்காவிளை எல்லைக்கு அப்பால், கேரளத்திலும் அரஞ்ஞாணம் என்றால் இடுப்பில் கட்டும் நகையே.

நான் முன்வைக்கும் சொல் ‘பிடிவிளிம்பு’. கல்லின் எந்த விளிம்பை உலோகம் பற்றிப் பிடிக்கிறதோ, அது பிடிவிளிம்பு.

இடுப்பைக் குறிக்கும் சொல் எதுவாயினும், கல்லுக்கு மேலுடலும் கீழுடலும் உண்டு என்று கருதிக்கொள்கிறது. 57 அல்லது 58 பட்டைகள் கொண்ட வட்ட வைரத்துக்கு அது பொருந்தும். ஆனால் நம் பக்கத்துக் கோயில் நகைகளில் பதிக்கும் சிவப்புக் கெம்புக் கற்களில் பல, அடி தட்டையாகவும் மேல் குமிழாகவும் இருப்பவை; கேரள நகையான பாலக்கா மாலையின் பச்சைக் கற்களிலும் அடி தட்டையானவை உண்டு. அவற்றுக்குக் கீழுடலே இல்லை. அடியை ஒட்டிய ஓரம் மட்டுமே உண்டு. நகையில் வெட்டிய குழிக்குள் அரக்கிட்டுக் கல்லை அமர்த்தி, சுற்றிலும் தங்கத் தகட்டை அழுத்தும்போது, அந்தத் தகடு பற்றுவது அடியோரத்தைத்தான். ‘பிடிவிளிம்பு’ என்றால் நடுவில் உள்ள ஓரத்தையும் அடியில் உள்ள ஓரத்தையும் ஒரே சொல்லால் குறிக்கலாம்.

கல்லின் வடிவம் பதிக்கும் முறையைத் தீர்மானிப்பதும் இந்த விளிம்பின் வழியாகவே. தட்டையடிக் கல்லுக்கு ஆழம் குறைவு. அதனால் பின்புறம் மூடிய குழியில் அது அமர்ந்துவிடும், ஒளி குறையாதிருக்க அடியில் பளபளப்பான தகட்டை வைத்துக்கொள்ளலாம். வட்ட வைரமோ தன் கீழ்ப்பட்டைகளில் பட்ட ஒளியை மேல்நோக்கித் திருப்பி அனுப்பி மின்னுவது. அது கூம்பி இறங்குவதற்கு ஆழமும் வேண்டும், அந்தப் பட்டைகளில் அரக்கோ அழுக்கோ ஒட்டாமலும் இருக்க வேண்டும். ஆகவே அதை விளிம்பில் மட்டும் ‘நகங்கள்’ எனப்படும் சிறு உலோகக் கொக்கிகளால் பிடித்து, அடியைத் திறந்து விடுகிறார்கள். நகத்தின் உட்புறம் வெட்டும் பள்ளம் கல்லின் கீழ்ச்சரிவோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அழுத்தம் முழுவதும் ஒரே புள்ளியில் விழுந்து கல் விள்ளும்.

கூர்முனை உள்ள வடிவங்களில்தான் இந்தச் சொல்லுக்கு உண்மையான சோதனை. துளி வடிவம், இரு முனையும் கூர்ந்த படகு வடிவம், மூலை கூரான சதுரம் ஆகியவற்றில் பிடிக்க வேண்டிய இடமும் எளிதில் உடையும் இடமும் ஒன்றே. மோஸ் கடின அளவுகோலில் உச்சமான 10 என்று அளவிடப்படும் வைரமும் படிக அமைப்பின் சில தளங்களில் பிளக்கக் கூடியது. எனவே கடினம் முனையைக் காப்பாற்றாது. அதற்காகத்தான் துளி வடிவக் கல்லின் முனையில் பிடிவிளிம்பைச் சற்றுத் தடிப்பாக விடுவதும், முனையை மட்டும் கவிந்து மூடும் கோண வடிவ நகம் வைப்பதும் வழக்கம். உள்வெடிப்புகள் மிகுந்த மரகதத்துக்கு நான்கு மூலைகளையும் முன்னதாகவே வெட்டிவிடுகிறார்கள். மழுங்கிய மூலையில் நகம் அச்சமின்றி அமரும். அந்தக் கோண நகத்துக்கு ‘முனைக்காப்பு’ என்ற பெயரையும் இத்துடன் பரிந்துரைக்கிறேன்.

‘பிடி’ என்பது பிடிக்கும் நகத்தையும் குறிக்குமே என்ற ஐயம் எழலாம். நகத்துக்கு ‘நகம்’ என்ற பெயரே போதும்; ‘பிடி’யைத் தனிச்சொல்லாகப் பட்டியலில் சேர்க்காவிட்டால் குழப்பம் வராது. மலையாளத்திலும் பிடி, விளும்பு என்னும் இரு சொற்களும் வழக்கில் இருப்பதால், எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தொழிலாளிக்கும் இது விளக்கமின்றிப் புரியும்.

கல்லின் தரச்சீட்டில் வரும் தடிப்பு அளவுகளை ‘மெல்லிய பிடிவிளிம்பு’, ‘நடுத்தரப் பிடிவிளிம்பு’, ‘தடித்த பிடிவிளிம்பு’ என்று எழுதலாம். கத்திமுனைபோல் மிக மெலிந்து, பதிக்கும்போதே சில்லு பெயரும் நிலைக்கு மட்டும் தனிச்சொல் தேவைப்படுகிறது. ‘கூர்விளிம்பு’ என்றால் முனையோடு மயங்கும் என்பதால் அதை நான் விரும்பவில்லை. தங்கள் கருத்தை அறிய ஆவலாக உள்ளேன்.

அன்புடன்,
வடசேரி, நாகர்கோவிலிலிருந்து