புதுப்பிப்பு: ஜிடிஐ-க்குக் குளிர்கால வீல் 17 அங்குலம்தான்

மான்ட்ரியலில் ஓட்டும் என் ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ காருக்குக் குளிர்காலத்திலும் 18 அங்குல வீலா, 17-ஆ என்று முன்பு கேட்டிருந்தேன். 17-ஐயே மாட்டிவிட்டேன். மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம்.

18 அங்குல வீலின் 225/40 டயருக்குப் பதில் 17-க்கு 225/45 (முதல் எண் டயரின் அகலம், மி.மீ.யில்; அடுத்தது பக்கச்சுவர் உயரம், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்று). மொத்த விட்டம் கிட்டத்தட்ட அதேதான், ஸ்பீடோமீட்டர் பிசகாது. பக்கச்சுவர் மட்டும் 90 மி.மீ.யிலிருந்து 101 ஆகிறது. பனி மூடிய குழியில் இறங்கும்போது ரிம்மைக் காப்பது அந்தக் கூடுதல் ரப்பர்தான். வளைவில் ஸ்டீயரிங் கொஞ்சம் மந்தம், உண்மை. பனியில் பிரேக் பிடிக்கும் நம்பிக்கைக்காக அதை மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பேன்.

அப்புறம், போல்ட். கம்பெனி வீலுக்கு, வீலில் உட்காரும் பகுதி உருண்டையாக உள்ள போல்ட். வெளியில் வாங்கும் வீல்கள் பெரும்பாலும் அந்தப் பகுதி கூம்பாக உள்ள போல்ட்டைக் கேட்கும். மாற்றிப் போடவே கூடாது. 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, 100 கிலோமீட்டருக்குள் மறுபடி சரிபாருங்கள்.