பழைய சிட்டி கோல்ஃப்: வீல் பேரிங் நாலையும் மாற்ற வேண்டுமா?

சாட்ஸ்வொர்த் கோல்ஃப்:

வணக்கம். வண்டி 2006 சிட்டி கோல்ஃப் 1.4 (தென்னாப்பிரிக்காவில் தயாரான முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப்), இதுவரை 2,38,000 கிலோமீட்டர். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே என்3 சாலையில்தான் பெரும்பாலும் ஓடுகிறது. வேகம் 70ஐத் தாண்டியதும் முன்பக்கம் 'ஊம்' என்று இரைச்சல் வருகிறது. நியூட்ரலில் உருளவிட்டாலும் அது குறையவில்லை. இடது பக்கம் வளையும்போது கூடுகிறது, வலது பக்கம் வளைந்தால் அடங்குகிறது. ஜாக்கில் தூக்கி ஆட்டிப் பார்த்தால் முன் சக்கரம் இரண்டிலும் ஆட்டமே இல்லை. பின் இடது சக்கரத்தில் மட்டும் இலேசான ஆட்டம் தெரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் "வயசான வண்டி, நாலையும் மாத்திடுங்க" என்கிறார்கள். வண்டியை மச்சான் பெயருக்கு மாற்றப் போகிறேன், அதற்கு ரோட்வொர்த்தி (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) எடுக்க வேண்டும். எதை இப்போதே மாற்ற வேண்டும், எது இன்னும் ஓடும்?

வெருலம் அண்ணா:

தம்பி, கிலோமீட்டரை வைத்து பேரிங்கை மாற்ற வேண்டியதில்லை. நல்ல சீல், நல்ல கிரீஸ் இருந்தால் இவ்வளவு ஓடிய பேரிங் இன்னும் ஓடும். தண்ணீர் புகுந்துவிட்டால் புதுப் பேரிங்கும் சில மாதத்தில் போய்விடும். இந்த வண்டியில் முன்னும் பின்னும் வேறு வேறு வகை. முன்னால் நக்கிளில் (முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் துண்டு) பிரஸ் இயந்திரத்தால் அழுத்தி ஏற்றிய இரட்டை வரிசை பால் (குண்டு) பேரிங், அதில் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. பின்னால் டிரம்முக்குள் டேப்பர் ரோலர் (கூம்பு உருளை) பேரிங் ஜோடி, நட்டை வைத்து அட்ஜஸ்ட் செய்யலாம். அதனால் முன் சக்கரத்தில் ஆட்டம் இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது, பின் சக்கரத்தில் ஆட்டம் இருப்பதைப் பார்த்து பயப்படவும் தேவையில்லை.

நியூட்ரலில் இரைச்சல் அப்படியே இருப்பதால் என்ஜின் பக்கம் சந்தேகம் இல்லை. ஆனால் டயரை முதலில் விலக்குங்கள். டயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னுமாகத் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் ரம்பம்போல உரசினால் டயரே இப்படி ஊளையிடும். முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றி அதே சாலையில் ஓட்டுங்கள். இரைச்சல் பின்னால் போய்விட்டால் டயர், முன்னாலேயே நின்றால் பேரிங்.

இடது பக்கம் வளையும்போது பாரம் வலது சக்கரங்களின் மேல் விழும். ஆகவே முன் வலதுதான் முதல் சந்தேகம். இது பெரும்பாலும் சரியாக வரும், ஆனால் இதை மட்டும் நம்பி பேரிங் வாங்கக் கூடாது. முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே மறு கை விரல்களைக் சஸ்பென்ஷனின் சுருள் ஸ்பிரிங் மேல் வையுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு காதுக்குக் கேட்காவிட்டாலும் ஸ்பிரிங் வழியாக விரலுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் செய்து ஒப்பிடுங்கள்.

பின் சக்கர ஆட்டம் 12 மணி–6 மணி திசையில் பிடித்து ஆட்டும்போது வருகிறதா? ஒருவரை பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் அது பேரிங்தான். நிற்காவிட்டால் சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் பக்கம் பாருங்கள். முன் சக்கரத்திலும் இதே சோதனைதான், ஆனால் அங்கே 9–3 திசையில் மட்டும் வரும் ஆட்டம் பெரும்பாலும் டை ராட் எண்டிலிருந்து (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு) வருவது.

சாட்ஸ்வொர்த் கோல்ஃப்:

நன்றி அண்ணா. டயர் மாற்றிப் பார்த்தேன், இரைச்சல் முன்னாலேயே இருக்கிறது. முன் வலது ஸ்பிரிங்கில் கரகரப்பு தெளிவாகத் தெரிகிறது, முன் இடது வழவழப்பு. பின் இடது ஆட்டம் 12–6 திசையில், பிரேக் மிதித்தால் நின்றுவிடுகிறது, சுற்றினால் சத்தம் இல்லை. முன் வலதை மாற்றும்போது இடதையும் ஜோடியாக மாற்ற வேண்டுமா? ரோட்வொர்த்தி முடியும்வரை தள்ளிப்போடலாமா?

வெருலம் அண்ணா:

முன் வலதை இப்போதே மாற்றுங்கள். இடதை விட்டுவிடுங்கள். ஷாக் அப்சார்பர்போல இதை ஜோடியாக மாற்றும் கட்டாயம் இல்லை. நன்றாக இருக்கும் பேரிங்கைப் பிரஸ்ஸில் தள்ளி எடுத்தால் அதுவும் வீண், நக்கிளின் துளைக்கும் தேய்மானம்.

ரோட்வொர்த்தியில் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார்கள், அதாவது தேடுவது ஆட்டத்தை. பால் பேரிங் ஆட்டம் காட்டும் முன்பே நீண்ட நாள் இரையும். ஆகவே உங்கள் முன் வலது அந்தச் சோதனையில் பாஸாகலாம், ஆட்டமுள்ள நல்ல பின் பேரிங் ஃபெயிலாகலாம். சான்றிதழ் 60 நாள் செல்லும், அதற்குள் பேரிங் எந்த நிலைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மச்சான் ஓட்டப்போகும் வண்டி, மாற்றிவிட்டே கொடுங்கள்.

ஊம் என்ற இரைச்சல் அரைபடும் சத்தமாக மாறினாலோ, ஸ்டியரிங்கில் அதிர்வு வந்தாலோ, பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினாலோ அன்றே வண்டியை நிறுத்துங்கள். பெடல் இறங்குவதற்குக் காரணம், ஆடும் ஹப் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி) பிரேக் டிஸ்க்கைச் சாய்த்து பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளிவிடுவதுதான்.

பிரஸ் கடை, டொங்காட்:

முன் பேரிங்கை மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள், ஏனென்றால் புதுப் பேரிங் சீக்கிரம் போவதற்கு ஒரு முக்கியக் காரணம் ஏற்றும் விதம்.

ஆக்சில் நட்டை வண்டி தரையில் நிற்கும்போது, பிரேக் மிதித்தபடி தளர்த்துங்கள். தளர்த்திய பிறகு வண்டியை உருட்டக் கூடாது. இந்த பேரிங்கின் உள் வளையம் இரண்டு துண்டு, அதைச் சேர்த்துப் பிடித்திருப்பதே அந்த நட்டின் இறுக்கம்தான். ஸ்டிரட்டும் (ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் சேர்ந்த தூண்) நக்கிளும் சேரும் இடத்தில் மேல் போல்ட், கேம்பரை (சக்கரத்தின் சாய்வை) அட்ஜஸ்ட் செய்யும் மையம் விலகிய போல்ட். கழற்றும் முன் அதன் நிலையைக் கோடு போட்டுக் குறித்துவிடுங்கள், பூட்டிய பின் அலைன்மென்ட்டும் பாருங்கள்.

ஹப்பைத் தள்ளி எடுக்கும்போது உள் வளையத்தின் ஒரு பாதி ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரும். புல்லர் போட்டு எடுக்க வேண்டும். கிரைண்டரால் வெட்டி எடுப்பவர்கள் ஹப்பில் கீறல் போடாமல் பார்க்க வேண்டும். ஹப்பின் உட்காரும் பகுதி நீலம் பாய்ந்திருந்தாலோ, வளையம் சுழன்ற தடம் இருந்தாலோ ஹப்பையும் மாற்றுங்கள். சர்க்கிளிப் (பேரிங்கைப் பிடிக்கும் வளையக் கிளிப்) எல்லாம் கழன்றதா என்று பார்க்காமல் பிரஸ்ஸை அழுத்தக் கூடாது.

புதுசை நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளி வளையத்தின் மேல் மட்டும் அழுத்த வேண்டும். அடுத்து ஹப்பை உள்ளே தள்ளும்போது அடியில் உள் வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் அழுத்தம் முழுக்க குண்டுகள் வழியாகப் போகும், ஓடுதளத்தில் குழி விழும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, சில வாரத்தில் அதே ஊங்காரம் திரும்பி வரும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் இதே கேடுதான்.

பழைய நட்டைத் திரும்பப் போடாதீர்கள். டார்க் ரெஞ்சில்தான் முறுக்க வேண்டும், இம்பாக்ட் கன் வேண்டாம். முதல் தலைமுறை கோல்ஃபுக்கு வழக்கமான அளவு 230 நியூட்டன் மீட்டர், உங்கள் ஆண்டுக்கான கைநூலில் ஒருமுறை சரிபாருங்கள்.

பேரிங் அளவு 34×64×37 மில்லிமீட்டர். ஆனாலும் கழற்றியதைக் கையில் கொண்டுபோய் அதன் எண்ணை வைத்தே வாங்குங்கள். எஸ்கேஎஃப், எஃப்ஏஜி, டிம்கன் பெயர்களில் போலியும் சந்தைக்கு வருகிறது, தெரிந்த கடையில் வாங்குவதே பாதுகாப்பு.

ஃபீனிக்ஸ் டிரம்:

பின் இடதைப் பற்றி நான் சொல்கிறேன், இது பிரஸ் இல்லாமல் வீட்டிலேயே முடியும்.

கிரீஸ் மூடி, காட்டர் பின் (நட்டைப் பூட்டும் கம்பி ஊசி), கிரீட மூடி (நட்டின் மேல் வரும் பல்லுள்ள மூடி), நட், வாஷர் கழற்றினால் டிரம் கையோடு வரும். வராவிட்டால் பிரேக் ஷூவைத் தளர்த்துங்கள். பேரிங்கை பாரஃபினில் (மண்ணெண்ணெயில்) கழுவி நிழலில் உலரவிடுங்கள். கம்ப்ரஸர் காற்றடித்துச் சுழற்ற வேண்டாம், ரோலர் தெறித்தால் ஆபத்து. வெளிச்சத்தில் ரோலரையும் கப்பையும் (வெளி வளையம்) பாருங்கள். சாம்பல் நிறத்தில் ஒரே சீராக மின்னினால் நல்லது. குழி, செதில், நீல நிறம், துருப்புள்ளி, ரோலர் இடைவெளியிலேயே விழுந்த கோடுகள், இதில் எது இருந்தாலும் மாற்ற வேண்டும். மாற்றினால் கோனும் (ரோலர்களோடு வரும் உள் வளையம்) கப்பும் சேர்த்தே. புதுக் கோனைப் பழைய கப்பில் ஓட்டக் கூடாது.

நல்ல நிலையில் இருந்தால் லித்தியம் காம்ப்ளெக்ஸ், என்எல்ஜிஐ 2 (கிரீஸின் கெட்டித்தன்மை எண்) கிரீஸை ரோலர்களுக்கிடையே உள்ளங்கையால் அழுத்தி நிரப்புங்கள். பழைய கிரீஸ் துளிகூட இருக்கக் கூடாது, இரண்டு வகை கலந்தால் இளகி ஒழுகலாம். உள் சீல் கட்டாயம் புதுசு.

அட்ஜஸ்ட்மென்ட்டில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். டிரம்மைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி பேரிங்கை உட்காரவையுங்கள். பிறகு மெல்லத் தளர்த்தி, வாஷரை ஸ்குரூடிரைவர் முனையால், விரல் பலத்தில் மட்டும், நெம்பாமல் இலேசாக நகர்த்த முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். நட்டை அசைக்காமல் கிரீட மூடி, புதுக் காட்டர் பின். "ஆட்டமே வேண்டாம்" என்று இறுக்கினால் சூடேறும்போது விரிவுக்கு இடமில்லாமல் கிரீஸ் உருகி ரோலர் நீலம் பாயும். 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, இரண்டு பின் ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் மறுபடி திறக்க வேண்டும்.

பிரஸ் கடை, டொங்காட்:

இன்னொன்று. 2022 ஏப்ரல் டர்பன் வெள்ளம்போல் தண்ணீரில் இறங்கிய வண்டி, படகு டிரெய்லரைக் கடலில் இறக்கும் பிக்கப் வண்டி, இவற்றுக்குக் கணக்கு வேறு. ஓடிச் சூடான ஹப் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் விளிம்பு வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டேப்பர் பேரிங் என்றால் அந்த வாரமே திறந்து கழுவி கிரீஸ் மாற்றுங்கள். டிரெய்லருக்கு, தண்ணீரில் இறக்கும் முன் ஹப் ஆறும்வரை காத்திருங்கள். கோல்ஃபைத் தாழ்த்தி, ஸ்பேஸர் (சக்கரத்தை வெளியே தள்ளும் தட்டு) வைத்து அகலமான அலாய் சக்கரம் போட்டிருப்பவர்களும் கவனிக்க வேண்டும். சக்கரம் எவ்வளவு வெளியே தள்ளி நிற்கிறதோ, அவ்வளவுக்கு பேரிங்கின் மேல் நெம்புவிசை கூடும். அந்த அமைப்பு அப்படியே இருக்கும்வரை எந்த பிராண்டு பேரிங்கும் அதற்குரிய ஆயுளைக் கொடுக்காது.