சத்துவாச்சாரில என் வீடு 27 மீட்டர் மேல பறந்துடுச்சு! விமானத்துல இன்னும் எதுக்குப்பா அந்த பழைய மீட்டருங்க?

ஏலகிரி_பைக்கர்:
ஒரு பஞ்சாயத்து. போன வாரம் மொட்டமாடில தண்ணி டேங்க் நிழல்ல போனை வெச்சேன், காத்தழுத்தத்தை வெச்சு உயரம் காட்டுற ஆப்பு. காலைல 10 மணிக்கு 216 மீட்டர்னு செட் பண்ணேன், சாயங்காலம் 4 மணிக்கு போய் பாத்தா 243 காட்டுது. வீடு இருந்த எடத்துலதான் கீது, போனை யாரும் தொடல. விமானத்துல உயரம் காட்டுற அல்டிமீட்டரும் இதே டெக்னிக்தானாம், பைலட் படிக்கற நம்ம காட்பாடி பையன் ஒருத்தன் சொன்னான், மொத நாள்லேர்ந்து ஆறு ரவுண்டு மீட்டரை பாத்து ஓட்டத்தான் தேய்க்க விடறாங்களாம். இன்னாத்துக்கு? ஜிபிஎஸ்ஸே ஸ்பீடும் சொல்லுது உயரமும் சொல்லுது, அப்புறம் எதுக்கு இந்த தாத்தா காலத்து சாமான்?

செஸ்னா_பையன்:
அந்த காட்பாடி பையன் நான்தான், பேரைப் போடாம விட்டதுக்கு தேங்க்ஸ்ணா. அல்டிமீட்டர் உள்ள காத்து உறிஞ்சி மூடின சின்ன தகட்டு டப்பாங்க இருக்கும். மேல போகப்போக வெளி அழுத்தம் கொறையும், டப்பா உப்பும், ஏலகிரி 14 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புதே அதே கதைதான். அந்த உப்பல்தான் பல் சக்கரம் வழியா முள்ளை சுத்துது. இப்ப உங்க மொட்டமாடி மேட்டர். நம்ம ஊர் பக்கம் தினமும் காலை 10 மணிவாக்குல அழுத்தம் உச்சத்துல இருக்கும், சாயங்காலம் 4 மணிக்குள்ள 3, 4 ஹெக்டோபாஸ்கல் (காத்தழுத்த அளவு) எறங்கிடும். ஒண்ணுக்கு சுமார் 9 மீட்டர்னு வெச்சா 27 சரியா வருதா? மீட்டர் பொய் சொல்லல, நீங்க அழுத்தத்தை செட் பண்ற நாப்பை (திருகு) திருப்பல. பைலட்டுக்கு ஏர்போர்ட்லேர்ந்து அன்னைக்கு அந்த நேரத்து க்யூஎன்ஹெச், அதாவது கடல் மட்டத்துக்கு கணக்கு பண்ண காத்தழுத்தம், சொல்லுவாங்க, அதை வெச்சு நாப் திருப்புனா கடல் மட்டத்துலேர்ந்து எவ்ளோ உயரம்னு காட்டும்.

பாலாறு_மணல்:
அதாவது யாராவது நம்பர் சொன்னாத்தான் உன் மீட்டர் வேலை செய்யும். 10 ஹெக்டோபாஸ்கல் தப்பா வெச்சா 300 அடி காலி. ஜவ்வாது மலைக்கு மேகத்துக்குள்ள வர்றவனுக்கு 300 அடின்னா இன்னா அர்த்தம்? ஜிபிஎஸ்ஸுக்கு நாபே கிடையாது தம்பி.

செஸ்னா_பையன்:
பாயிண்ட்தான். அதனாலதான் அந்த நம்பரை ரேடியோல திருப்பிச் சொல்லணும். ஆனா ஒரு விஷயம், ரொம்ப மேல போயிட்டா எல்லாரும் 1013 ஹெக்டோபாஸ்கல்னு ஒரே நம்பர் வெச்சுடுவாங்க. நெஜ உயரம் அதுல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா ஒரே ஏரியால பறக்கற எல்லாருக்கும் ஒரே தப்பு, அதனால மேல ஒருத்தன் கீழ ஒருத்தன் 1000 அடி கேப்ல இடிச்சுக்காம போலாம். ஒருத்தன் மட்டும் சரியா இருக்கேன்னு ஜிபிஎஸ் உயரத்துல போனான்னு வெய்ங்க, அவன்தான் டேஞ்சர்.

முள்ளுகத்திரி:
ரிட்டையர்டு பிசிக்ஸ் வாத்தியார், நடுவுல வரேன். உயரம் கெடக்கட்டும், ஸ்பீடுக்கு வாங்க. பேரனுக்கு ப்ராஜெக்ட்டுன்னு ஒரு ஸ்ட்ராவை கார் ஜன்னல் வெளில முன்பக்கம் பாத்த மாதிரி கட்டி, ட்ரிப் டியூபை யூ மாதிரி வளைச்சு அட்டைல ஒட்டி இங்க் கலந்த தண்ணி ஊத்தி, இன்னொரு முனையை காருக்குள்ளயே விட்டுட்டு திருவலம் ரோட்டுல ஓட்டினோம். மணிக்கு 30 கிலோமீட்டர்ல ரெண்டு பக்கத் தண்ணிக்கும் 4 மில்லிமீட்டர் வித்தியாசம், 60ல 16, 17. ஸ்பீடு டபுள், அழுத்தம் நாலு மடங்கு. ஏர்ஸ்பீட் மீட்டர் இதேதான், முன்னாடி பாத்த பிட்டோ குழாய்ல மோதற அழுத்தம், பக்கவாட்டு ஓட்டைல வர்ற சாதா அழுத்தம், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஹென்றி பிட்டோ 1732ல ஆத்துத் தண்ணி வேகம் பாக்க செஞ்சது. எறக்கைக்கு வேண்டியதும் இந்த மோதற காத்துதான், தரைல எவ்ளோ வேகம்னு அதுக்கு கவலையே இல்ல.

ஏலகிரி_பைக்கர்:
வாத்தியாரே சூப்பர், ஆனா 60ன்னா 60தானே? ரோட்டுல இன்னா காத்துல இன்னா?

செஸ்னா_பையன்:
அங்கதாண்ணா மாட்டிப்பீங்க. பின்னாலேர்ந்து 25 நாட் (ஒரு நாட்னா மணிக்கு 1.85 கிலோமீட்டர்) காத்து தள்ளுது, உங்க ஜிபிஎஸ் 70 நாட்னு காட்டுது, ஜாலியா இருக்கீங்க. எறக்கை மேல ஓடற காத்து 45தான். செஸ்னா 172ங்கற சின்ன பயிற்சி விமானம் ஃப்ளாப் (எறக்கையோட பின் மடிப்பு) எறக்காம 48 நாட்கிட்ட வந்தாலே ஸ்டால், அதாவது எறக்கை தூக்கறதை விட்டுடும். ஜிபிஎஸ்ஸ நம்பினவன் கீழ. இன்னொண்ணு, 35,000 அடில ஒரு ஜெட் விமானம் காத்துல 450 நாட் போகுது, மீட்டர்ல 260, 270 தான் காட்டும், மேல காத்து லேசு, மோதறது கம்மி. தப்புன்னு தோணும், ஆனா எறக்கைக்கு அந்தக் கம்மி நம்பர்தான் கணக்கு.

பாலாறு_மணல்:
சரி அந்தக் குழாயோட ஜாதகத்தையும் சொல்லு. 1996 பிப்ரவரில டொமினிக்கன் ரிபப்ளிக்ல பிர்கென்ஏர் 757 விமானம் விழுந்துச்சு, கவர் போடாம நின்னதுல குழாய்க்குள்ள குளவி கூடு கட்டியிருக்கும்னு விசாரணைல சொன்னாங்க, 189 பேர் செத்தாங்க. அதே வருஷம் அக்டோபர்ல ஏரோபெரு, கழுவறப்ப பக்கவாட்டு ஓட்டைல ஒட்டின டேப்பை எடுக்க மறந்துட்டாங்க, 70 பேர். 2009ல ஏர் ஃப்ரான்ஸ் 447, பிட்டோல ஐஸ், 228 பேர். ஒரு குளவிக்கு அடங்குற சாமான நம்பச் சொல்றீங்களா?

முள்ளுகத்திரி:
குளவி கதைல பாதி விட்டுட்டீங்க. குழாய் அடைச்சா உள்ள இருக்கற பழைய அழுத்தம் மாட்டிக்கும், மேல ஏற ஏற வெளி அழுத்தம் கொறையும், வித்தியாசம் தானா ஏறும், ஸ்பீடு ஏறுற மாதிரி காட்டும். கேப்டன் பக்கத்து மீட்டர்தான் அப்படி ஏறுச்சு, பக்கத்து சீட்டுது சரியாத்தான் இருந்துச்சு.

செஸ்னா_பையன்:
அதேதான் சார், ஒத்த மீட்டரை பாத்து ஓட்டறதே இல்ல. நடுவுல செயற்கை அடிவானம், விமானம் எப்படி சாஞ்சிருக்குன்னு காட்டுற மீட்டர், மேல நீலம் கீழ பிரவுன். கண்ணு அங்க, அப்புறம் திசை, திரும்ப அங்க, உயரம், திரும்ப அங்க, ஸ்பீடு, திரும்ப அங்கன்னு சுத்திகினே இருக்கணும். ஏறி எறங்கற மீட்டர் சில செகண்ட் லேட்டா சொல்லும், அதைத் தொரத்தக் கூடாது. திசை காட்டுற ஜைரோ (உள்ள சுத்துற சக்கரம்) மெதுவா நகரும், 15 நிமிஷத்துக்கு ஒருதரம் காம்பஸ் பாத்து சரி பண்ணணும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வியாதி, எல்லாருக்கும் ஒரே நேரத்துல காய்ச்சல் வராதுங்கறதுதான் நம்பிக்கை.

எனக்கு கண்ணை மறைச்சு ஹூட் மாட்டி விட்டாங்க. மெதுவா ஒரு நீள வளைவு, நேராக்குன உடனே ஒடம்பு சத்தியமா எதிர்பக்கம் சாயுதுன்னு சொல்லுது. காதுக்குள்ள இருக்கற தண்ணி செட்டில் ஆகறதுக்குள்ள அப்படித்தான். மீட்டர் நேரா காட்டுது. கை தானா ஸ்டிக்கை திருப்பப் போகுது, பக்கத்துல இருந்தவர் கையைத் தட்டி விட்டாரு. வேர்த்து கொட்டிடுச்சு, ஏப்ரல் மாச பழைய பஸ் ஸ்டாண்டு மாதிரி. அப்ப எந்தப் பக்கம் சாஞ்சிருக்கன்னு உங்க ஜிபிஎஸ் சொல்லுமாண்ணா?

பாலாறு_மணல்:
அந்த அடிவானமே கவுந்தா? 1978 ஜனவரி 1, பம்பாய்லேர்ந்து துபாய், ஏர் இந்தியா 855, ராத்திரி, கீழ கடல். கேப்டன் மீட்டர் வலது சாய்வுல நின்னு போச்சு, அதை நேராக்கறேன்னு இடது பக்கமா திருப்பிகினே போனாரு. 213 பேர். அங்கயும் ஸ்டாண்ட்பை (மாத்து) மீட்டர் இருந்துச்சு தம்பி, சும்மா சுத்தி சுத்திப் பாருன்னு சொல்றது ஈஸி, அந்த ரெண்டு நிமிஷத்துல மனுஷன் எங்க பாப்பான்?

செஸ்னா_பையன்:
இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அதுக்குத்தான் தேய்க்க விடறாங்கன்னு மட்டும் சொல்வேன்.

அரக்கோணம்_ஜங்ஷன்:
இங்க ராஜாளி கடற்படை தளத்துலேர்ந்து பி-8ஐ விமானம் தலைக்கு மேல போய்கினே கீது, அந்த சத்தத்துல தூங்கவும் முடியல, நீங்க வேற.

ஏலகிரி_பைக்கர்:
அப்டேட். இன்னிக்கு திரும்ப அதே டேங்க் நிழல். காலைல 10 மணிக்கு மீனம்பாக்கம் க்யூஎன்ஹெச் 1008 வெச்சேன், 4 மணிக்கு 1005ன்னு போட்டிருந்தான், அதுக்கு மாத்தினேன். ரெண்டு தடவைக்கும் 3 மீட்டர்தான் வித்தியாசம். வீடு எறங்கிடுச்சு. ஞாயித்துக்கெழம ஏலகிரி போறேன், காட்பாடி தம்பி வர்றியா, சிப்ஸ் பாக்கெட் நான் வாங்கறேன், ஜிபிஎஸ்ஸும் எடுத்துகினு வருவேன் சொல்லிட்டேன்.