அடைவுத் தேர்வு நடத்திய நாள்: வகுப்பறையில் இருந்தவர்களின் அனுபவங்கள்

கள ஆய்வாளராகச் சென்ற பி.எட். மாணவி, 2021

பள்ளி மாணவர்கள் எந்த அளவுக்குக் கற்றிருக்கிறார்கள் என்று அறிய மத்திய அரசு 2021 நவம்பர் 12 அன்று நடத்திய தேசிய அடைவு ஆய்வுக்காக, தேனி மாவட்டத்து அரசுத் தொடக்கப் பள்ளி ஒன்றின் மூன்றாம் வகுப்புக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் நவம்பர் 1ஆம் தேதிதான் மீண்டும் திறந்திருந்தன. முதல் வகுப்பு முடியும் முன்பே கொரோனாவால் வீட்டுக்குப் போன பிள்ளைகள், மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லி அவர்கள் முன் நின்றேன். பலருக்கு அப்படியொரு வினாத்தாள் அதுவே முதல் முறை.

பிள்ளைகள் வினாத்தாளிலேயே விடையைக் குறிக்க, அதை ஓ.எம்.ஆர். தாளுக்கு, அதாவது இயந்திரம் படிக்கும் விடைத்தாளுக்கு, மாற்றுவது எங்கள் பொறுப்பு. ஒரு சிறுமி முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, ஒரு விடையின் மேல் விரலை வைத்தபடி, "மிஸ், இதுதானே?" என்று கேட்டாள். "உனக்கு எது சரின்னு படுதோ அதைக் குறிம்மா" என்பதற்கு மேல் நான் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. அப்படிக் கேட்கும் பிள்ளையை விடையை நோக்கி அழைத்துச் செல்லத்தான் பி.எட். வகுப்பில் எங்களைப் பழக்குகிறார்கள். அன்று அந்தப் பழக்கம் முழுவதையும் அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் அந்த விதி சரியானது என்றே நினைக்கிறேன், ஏனெனில் ஓர் அறையில் ஆய்வாளர் தலையசைத்து இன்னோர் அறையில் அசைக்காவிட்டால், இரண்டு மாவட்டங்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஒரு பையன் ஒரே வினாவுக்கு இரண்டு விடைகளை வட்டமிட்டிருந்தான். அவன் மனத்தில் எது இருந்தது என்று ஊகிக்கும் உரிமை எனக்கில்லை என்பதால் இரண்டையும் அப்படியே மாற்றினேன்.

ஆசிரியர் பயிற்சி மாணவராக இருந்தவர், 2017

2017 நவம்பர் 13 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வுக்காக ஓசூர்ப் பக்கம் ஒரு தமிழ்வழிப் பள்ளியில் இருந்தேன். கூட்டல், கழித்தலை நேரடியாகக் கேட்டால் விறுவிறுவென்று முடித்த ஒரு மாணவன், அதே கணக்கு நான்கு வரிக் கதையாக வந்தவுடன் நின்றுவிட்டான். பக்கத்தில் இருந்தவனிடம் தெலுங்கில் ஏதோ கேட்கத் திரும்பினான். பேசக்கூடாது என்று நான் தடுக்க வேண்டியதாயிற்று. பிறகு மாணவரின் வீட்டு விவரங்களைக் கேட்கும் மாணவர் வினாப்படிவத்தை நிரப்பும்போதுதான் அவன் வீட்டு மொழி தெலுங்கு என்று பதிவாயிற்று. தேர்வு முடிந்த களைப்பில் அந்தப் படிவத்தை எல்லோரும் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தப் பையனின் கணக்கு மதிப்பெண்ணைப் புரிந்துகொள்ள அந்த ஒரு கட்டம்தான் உதவும்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை, 2024

நான் தேர்வு நடத்தியவள் அல்லள். கதவுக்கு வெளியே நின்றவள். 2024 டிசம்பர் 4 அன்று, 3, 6, 9 ஆகிய வகுப்புகளுக்கு நடந்த பரக் ஆய்வில் (தேசிய அடைவு ஆய்வின் புதிய வடிவம்) எங்கள் பள்ளியும் இருந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் மாதிரி வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்குமாறு மேலிருந்து வற்புறுத்தல் வந்துகொண்டே இருந்தது. மாணவர் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று அறிய நடத்தும் ஆய்வுக்கு எதற்கு இத்தனை ஒத்திகை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

என் வகுப்பில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இருந்ததால், ஆய்வாளர் முறைப்படி முப்பது பேரைத் தெரிவு செய்து மற்றவர்களை வெளியே அனுப்பினார். வெளியே வந்தவர்களில் வகுப்பிலேயே நன்றாகப் படிக்கும் சிறுமியும் ஒருத்தி. "நான் என்ன டீச்சர் தப்புப் பண்ணினேன்?" என்று அழுதாள். அடுத்த வாரம், தேர்வெழுதிய இன்னொரு பிள்ளையின் அம்மா மதிப்பெண் கேட்டு வந்தார். இதில் தனி மாணவருக்கோ பள்ளிக்கோ மதிப்பெண் வராது, மாவட்ட அளவில்தான் அறிக்கை வரும் என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

781 மாவட்டங்களில் 21 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதிய அந்த ஆய்வின் முடிவு 2025 ஜூலையில் வெளிவந்தது. 99 வரையிலான எண்களை ஏறு வரிசையிலும் இறங்கு வரிசையிலும் அமைக்க, நாடு முழுவதும் மூன்றாம் வகுப்பினரில் 55 விழுக்காட்டினரால்தான் முடிந்தது என்று அதில் இருந்தது. உடனே எண் அட்டைகளைக் கலைத்துப் போட்டு என் புதிய வகுப்பில் அதையே செய்யச் சொன்னேன். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாக மூன்று கற்றல் நிலைகளாகப் பிரித்துக் கற்பிக்கும் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் மொட்டு நிலையில் வைத்திருந்த சிலர்கூட இறங்கு வரிசையில் தடுமாறினார்கள். அவர்களை மறுநாளே அரும்பு நிலைப் பிள்ளைகளோடு உட்கார வைத்து, அட்டைகளிலிருந்தே மீண்டும் தொடங்கினேன்.