மரம் விழுந்தது, காப்புறுதி கிடைத்ததா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

குளுகோர்க்காரன்:

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி பங்களா மனை. அதில் நின்ற பெரிய தூங்குமூஞ்சி மரம் சமையலறைக் கூரைமேல் சாய்ந்துவிட்டது. சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் கிளம்பி வரும் காற்று பினாங்குக்காரர்களுக்குப் புதிதில்லை. ஆனால் அன்று அடித்தது வேறு ரகம். தாமானில் பல வீட்டு ஆவ்னிங் தகரம் பறந்து நடு ரோட்டில் கிடந்தது. நல்ல வேளை, எங்கள் வீட்டில் யாருக்கும் அடியில்லை. ஓடு, சிலிங், தண்ணீர்த் தொட்டி, கேபினெட் எல்லாம் போச்சு.

மின்கம்பி கிளைகளுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்ததால் முதலில் 999, அடுத்து மின்சார நிறுவனமான டிஎன்பியின் 15454. அவர்கள் வந்து இணைப்பைத் துண்டிக்கும்வரை பின்வாசலைத் திறக்கக்கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தீயணைப்புப் படையினர் ஆபத்தாக நீட்டிக்கொண்டிருந்த கிளைகளை மட்டும் அறுத்துப் போட்டார்கள். மிச்ச மரத்தை அப்புறப்படுத்துவது நம் பாடு.

காப்புறுதி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக் கடனோடு சேர்ந்து வருவது பல பேருக்கு வெறும் தீக் காப்புறுதிதான். தீ, மின்னல், சமையல் எரிவாயு வெடிப்பு, அவ்வளவே. எங்களிடம் இருந்தது ஹவுஸ்ஓனர் பாலிசி. அதில் புயல்காற்று, வெள்ளம், குழாய் உடைந்து ஓடுவது, வாகனம் வந்து சுவரில் இடிப்பது எல்லாம் சேர்ந்திருக்கும். வீட்டுக்குள் இருக்கும் சாமான்களுக்கு ஹவுஸ்ஹோல்டர் என்று தனிப் பாலிசி.

சேதத்தை மதிப்பிட வரும் எட்ஜஸ்டர் வந்த நாள்தான் எனக்குப் பாடம். சின்ன வயசுக்காரர், சேறு படாத வெள்ளைச் சப்பாத்து. கூரையைப் பார்க்கத்தானே வருகிறார் என்று ஏணியைச் சாத்தி வைத்திருந்தோம். அவர் ஏணிப் பக்கமே திரும்பவில்லை. உடைந்த வேலி வழியாகப் பின்மனைக்குள் இறங்கி, பிடுங்கிக்கொண்டு நின்ற வேர்த்தட்டின் முன் குந்தினார். பையிலிருந்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஒவ்வொரு வேராகக் குத்திப் பார்த்தார். அந்தப் பக்கத்து வேர்களில் முனைகூட இறங்கவில்லை. எங்கள் சுவரை ஒட்டியிருந்த இரண்டு வேர்களில் பிடிவரை இறங்கியது. இழுத்தபோது ஈரக் காப்பித்தூள் மாதிரி பழுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. அளவு நாடாவைப் பக்கத்தில் நீட்டி வைத்துப் படம் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து ஒரே கேள்வி: "அன்றைக்குக் காற்று அடித்ததா, மரம் தானாக விழுந்ததா?"

இதிலே எல்லாம் அடங்கியிருக்கிறது என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. எங்கள் பாலிசியில் இருப்பது புயல்காற்று. மரம் என்ற சொல்லே அதில் கிடையாது. எதிர்வீட்டு சிசிடிவியில் தகரம் பறந்தது பதிவாகியிருந்தது. போலீஸ் புகாரில் நேரம், பலத்த காற்று, கனமழை மூன்றையும் எழுதியிருந்தோம். வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையையும் கேட்டு வாங்கிக் கொடுத்தோம். வேர் கொஞ்சம் உளுத்திருந்தாலும் தள்ளியது காற்றுதான் என்று முடிவாயிற்று.

மரம் வெட்ட வந்தவர் வேர்த்தட்டையும் லோரியில் ஏற்றிவிடுகிறேன் என்று முதல் நாளே துடித்தார். அத்தான்தான் தடுத்தார். "எட்ஜஸ்டர் பார்க்கும்வரை அது அங்கேயே கிடக்கட்டும், கூரைக்குக் கன்வாஸ் மட்டும் போடு" என்றார். மழை மேலும் உள்ளே இறங்காமல் தடுப்பது நம் பொறுப்பு, அதற்கான ரசீதைக் காட்டிப் பணம் கேட்கலாம். ஆனால் சாட்சியை நாமே குப்பைக்கு அனுப்பினால் யாரும் எதுவும் செய்ய முடியாது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். முக்கியமாக, மரம் பக்கத்து மனையுடையது என்றால் யார் கொடுத்தார்கள்?

செந்தூல் பையன்:

அண்ணே, எனக்கு நேர்மாறாக நடந்தது. ஒரு கடைவரிசைக்குப் பின்னால் காரை நிறுத்தியிருந்தேன். நல்ல வெயில், இலைகூட அசையவில்லை. காய்ந்து போன அங்சானா மரக் கிளை ஒன்று பொத்தென்று பானெட்மேல் விழுந்தது. காருக்குக் காம்பிரிஹென்சிவ் என்கிற முழுக் காப்புறுதிப் பாலிசி. காப்புறுதி அலுவலகக் கிளார்க் அம்மா கேட்ட முதல் கேள்வி, "மழை பெய்ததா, காற்று அடித்ததா?" நான் இல்லை என்றதும் நிம்மதியாகப் பாரத்தை நீட்டினார். ஏனென்றால் கார் பாலிசியில் மேலிருந்து ஏதாவது விழுந்து ஏற்படும் சேதம் சேரும், ஆனால் இயற்கைச் சீற்றத்தால் விழுந்தது என்றால் சேராது. புயல், வெள்ளம், நிலச்சரிவுக்கு ஸ்பெஷல் பெரில்ஸ் என்று கூடுதலாக எடுத்திருக்க வேண்டும்.

அதே வாரம் என் கூட்டாளியின் மைவி கார்மேல் புயல்மழையில் மரம் விழுந்தது. அவனும் காம்பிரிஹென்சிவ்தான், ஸ்பெஷல் பெரில்ஸ் இல்லை. ஒரு காசு வரவில்லை.

வீட்டுக்குக் காற்று அடித்திருந்தால்தான் பணம், காருக்குக் காற்று அடிக்காதிருந்தால்தான் பணம். ஒரே மரம் உங்கள் வீட்டிலும் வாசலில் நின்ற காரிலும் விழுந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் அண்ணே?

இன்னொன்று. க்ளெய்ம் போட்டால் என்சிடி, அதாவது க்ளெய்ம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். 55 விழுக்காட்டுக்கு ஏறியவர்கள் பெயின்ட் கடையில் விலை கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும். நான் கணக்குப் பார்த்து, கடைசியில் க்ளெய்ம் போடவே இல்லை.

குளுகோர்க்காரன்:

தம்பி, உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை, வானிலைத் துறையின் ஆவணம் இரண்டு பாலிசிக்கும் ஒன்றுதானே! எங்கள் கார் அன்று முன்வாசலில் இருந்தது, தப்பித்தது.

கெப்போங்வாசி:

இதெல்லாம் சுற்றி வளைக்கிற பேச்சு. மரம் யாருடையதோ அவன் கொடுக்கட்டும். நீங்கள் ஏன் உங்கள் பாலிசியைத் தொடுகிறீர்கள்? வக்கீல் கடிதம் ஒன்று விட்டால் ஓடி வருவான்.

ஓய்வுபெற்ற எட்ஜஸ்டர், ஜோர்ஜ்டவுன்:

ஓடி வரமாட்டான் ஐயா. முப்பது வருடம் இதே தொழில், கொஞ்சம் சொல்கிறேன்.

மரம் தன் மண்ணில் நின்றது என்பதற்காக மட்டும் உரிமையாளர் பொறுப்பாகிவிட மாட்டார். ஆபத்து என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அல்லது தெரிந்திருக்க வேண்டும், இருந்தும் சும்மா இருந்தார் என்று நீங்கள் காட்ட வேண்டும். ஆரோக்கியமான மரத்தைப் புயல் தள்ளினால் அவர்மேல் குற்றம் சொல்வது கடினம். குளுகோர்க்காரர் சொன்ன அந்த இரண்டு உளுத்த வேர்கள்தான் இங்கே விஷயம். மரம் சாய்வதற்கு முன்பே படத்தோடு கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்பியிருந்தால் உங்கள் கை ஓங்கும். பக்கத்து மரம் சாய்கிறது, காளான் முளைக்கிறது என்றால் இன்றே எழுதி அனுப்பி வையுங்கள், வாய்ச்சொல் போதாது.

ஆனாலும் முதலில் உங்கள் பாலிசியில் கேளுங்கள். நிறுவனம் உங்களுக்குக் கொடுத்துவிட்டால், பக்கத்து உரிமையாளரிடம் வசூலிக்கும் உரிமை அதற்குப் போகிறது. சண்டையை அவர்கள் போடட்டும். பாலிசி தராத சில்லறைச் செலவுக்கு மட்டும் நீங்களே போகலாம். 5,000 ரிங்கிட்வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்காகப் பதியலாம், அங்கே வக்கீலுக்கு இடமே கிடையாது. சாலையோர மரத்துக்காக அரசாங்க அமைப்பின்மேல் வழக்கு என்றால் 36 மாதத்துக்குள் தொடுக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

தீக் காப்புறுதி மட்டும் வைத்திருப்பவர்களே, கேளுங்கள். அதில் கூடுதல் ஆபத்துகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். மரமோ கிளையோ விழுந்து ஏற்படும் சேதம் அந்தப் பட்டியலில் தனியாகவே இருக்கிறது. லாலாங் புல் தீக்குக்கூட ஒரு வரி உண்டு. காற்றே இல்லாமல் மரம் விழுந்தால் கைகொடுப்பது இந்தச் சேர்க்கைதான். ஹவுஸ்ஓனர் வைத்திருப்பவர்களும் புதுப்பிக்கும்போது ஏஜெண்டிடம் இதை வாய்விட்டுக் கேளுங்கள். சேர்த்தேன் என்று வாயால் சொன்னால் விடாதீர்கள், பாலிசியோடு வரும் விவரத்தாளான ஷெட்யூலில் அச்சாகியிருக்க வேண்டும்.

இன்னும் பெரிய ஓட்டை எதுவென்றால் காப்புறுதித் தொகை. பாதிப் பேர் வீட்டை வாங்கிய விலையை எழுதுகிறார்கள், மீதிப் பேர் கடன் பாக்கியை. எழுத வேண்டியது இன்று இடித்துக் கட்டினால் ஆகும் செலவு. மண்ணின் விலை அதில் வராது, சமையலறையை நீட்டிக் கட்டியிருந்தால் அது வரும். திரும்பக் கட்ட 400,000 ரிங்கிட் ஆகும் வீட்டை 300,000க்கு எடுத்திருந்தால், 20,000 ரிங்கிட் சேதத்துக்கு 15,000தான் வரும். குறைத்து எடுத்த பங்கை நீங்களே சுமக்கிறீர்கள் என்று கணக்கு. இதற்கு ஆவரேஜ் என்று பெயர். வீட்டுக்காரர் முகத்தில் இதைச் சொல்வதுதான் என் தொழிலிலேயே எனக்குப் பிடிக்காத வேலை. கட்டுமானச் செலவைக் கணக்கிட பொதுக் காப்புறுதி நிறுவனங்களின் சங்கமான பியாமின் இணையத்தளத்தில் இலவசக் கணிப்பான் இருக்கிறது.

2017 நவம்பர் 4, 5 புயலுக்குப் பிறகு பினாங்கில் இதையேதான் வீடு வீடாகப் பார்த்தேன். மரமும் வெள்ளமும் சேர்ந்து வந்த நேரம் அது.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பிளாக்கின் நீச்சல்குளக் கூரைமேல் மரம் விழுந்து, கிளை முதல் மாடி பால்கனிக் கண்ணாடியை நொறுக்கியது. கட்டடத்துக்கு நிர்வாகம் எடுக்கும் பொதுப் பாலிசி இருக்கிறது, 2013 அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அது கட்டாயம். கண்ணாடி அதில் வந்தது. நனைந்துபோன சோபாவும் டிவியும் வரவில்லை, அது அவரவர் ஹவுஸ்ஹோல்டர் பாடு. நிர்வாகத்திடம் பாலிசி நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள், கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் கேட்டபோது எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள், பரவாயில்லை.

செந்தூல் பையன்:

2024 மே 7, ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ரோட்டின் குறுக்கே விழுந்தது ஞாபகமிருக்கிறதா? 17 வாகனம் நசுங்கியது, ஒருவர் இறந்தார், மோனோரெயிலும் நின்றது. அதற்குப் பிறகுதான் என் அப்பா காருக்கு ஸ்பெஷல் பெரில்ஸ் போட்டார். அதுவரை "பணம் பறிக்கிறான்" என்பார்.

குளுகோர்க்காரன்:

எங்கள் கணக்கு முடிந்துவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன். ஓடு, சிலிங், தொட்டி, கேபினெட்டுக்குப் பணம் வந்தது. புயல்காற்று என்பதால் நாமே ஏற்க வேண்டிய கழிவுத் தொகை உண்டு: காப்புறுதித் தொகையில் 1 விழுக்காடு அல்லது 200 ரிங்கிட், எது குறைவோ அது. எங்களுக்கு 200. பின்பக்க ஆவ்னிங், வேலி இரண்டுக்கும் கைவிரித்துவிட்டார்கள். பாலிசியைப் பிரித்துப் பார்த்தால் புயல்காற்றுப் பகுதியில் அவை விலக்கு என்று பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்கிறது. கூரைமேல் கிடந்த மரத்தை அறுத்து இறக்கிய செலவு வந்தது, பின்மனையில் கிடந்த அடிமரத்துக்கு வரவில்லை. நியாயம்தான், அது எங்கள் வீட்டில் எதையும் உடைக்கவில்லையே.

பின்மனை உரிமையாளர் கோலாலம்பூரில் இருக்கிறார். போனில் "கடவுள் செயல்" என்று முடித்துக்கொண்டார். ஆனால் அங்கே இன்னும் ஒரு தூங்குமூஞ்சி சாய்ந்து நிற்கிறது, அதைப் படம் எடுத்து அவருக்கு எழுத்தில் அனுப்பிவிட்டேன். வெட்டுவதென்றால் அவருக்கும் ஒரு வேலை இருக்கிறது: சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை உள்ளூர் திட்ட அதிகாரத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். உடனடி ஆபத்து என்றால் விலக்கு உண்டு.

கெப்போங்வாசி:

சரி, ஒத்துக்கொள்கிறேன், முதலில் சொந்தப் பாலிசி. நிறுவனம் மறுத்துவிட்டால்?

ஓய்வுபெற்ற எட்ஜஸ்டர், ஜோர்ஜ்டவுன்:

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், எந்த விதியின்கீழ் என்று குறிப்பிடச் சொல்லுங்கள். முதலில் அவர்களுடைய புகார்ப் பிரிவுக்கு எழுத வேண்டும். இறுதி முடிவு வந்த 6 மாதத்துக்குள், நிதி நிறுவனங்கள்மேல் வரும் புகார்களைத் தீர்க்கும் எஃப்எம்ஓஎஸ் அமைப்புக்குப் போகலாம். முன்பு ஓஎஃப்எஸ் என்று இருந்தது, 2025 ஜனவரி 1 முதல் இந்தப் பெயர். 250,000 ரிங்கிட்வரை பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. வேர்த்தட்டுப் படமும் காற்று வீடியோவும் அங்கேயும் தேவைப்படும், போனை மாற்றும்போது அழித்துவிடாதீர்கள்.

குளுகோர்க்காரன்:

கடைசியாக ஓர் உதவி வேண்டும். உடைந்த பகுதிக்கு மட்டும்தான் பணம், முழுக் கூரைக்கும் இல்லை. எங்கள் பழைய செங்கல் நிறச் சிமெண்ட் ஓடு இப்போது கடையில் கிடைக்கவில்லை, புது ஓட்டின் அளவு பொருந்தவில்லை. பினாங்கில் பழைய வீடு இடிப்பவர்களிடம் யாராவது ஓடு வாங்கியிருக்கிறீர்களா? சமையலறைக்கு மேல் இன்னும் கன்வாஸ்தான்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:

என் சித்தப்பா ஆயர் ஈத்தாமில் இருக்கிறார், காண்ட்ராக்டர். கேட்டுவிட்டுச் சொல்கிறேன். ஓட்டின் அடிப்பக்கத்தில் அச்சான எழுத்தைப் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி, அதில்லாமல் அவர் பேசவே மாட்டார்.