கொடைக்கானலுக்கு ஒரு நாளைக்கு இத்தனை வண்டி தான்னு கணக்கு வச்சது சரியா தப்பா?

மதுரை_ரைடர்:
மக்களே ஒரு விஷயம் பேசணும். ஹைகோர்ட் உத்தரவு போட்டு இந்த வருஷம், 2025 ஏப்ரல் 1ல இருந்து ஜூன் கடைசி வரைக்கும் கொடைக்கானலுக்கு வார நாள்ல 4000 வண்டி, சனி ஞாயிறு 6000 வண்டி, அவ்ளோதான் விடுவாங்க. ஊட்டிப் பக்கம் அதுவே 6000, 8000. போன வருஷம் 2024 மே 7ல, வண்டி மலை ஏற ஆன்லைன்ல எடுக்கற இ-பாஸ் ஆரம்பிச்சப்ப அப்ளை பண்ணா உடனே வந்துரும், எத்தனை வண்டி ஏறுதுன்னு கணக்கெடுக்கத்தான் அதுன்னு சொன்னாங்க, நாங்களும் சரின்னு விட்டோம். இப்ப அம்மா அப்பா அக்கா பிள்ளைங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை போலாம்னு பாத்தா அந்த தேதிக்கு பாஸ் முடிஞ்சுருச்சாம். மதுரை வெயில்ல வேகுறவனுக்கு பக்கத்துல இருக்க மலை அது ஒண்ணுதான். நாலு நாள் முன்னாடி பிளான் பண்ணி லீவு எடுக்குற வேலை எல்லாருக்குமா இருக்கு? மலை என்ன சிலருக்கு மட்டும் சொந்தமா?

ஏரிரோடு_டீச்சர்:
தம்பி, நான் கொடைக்கானல்ல பொறந்து வளர்ந்தவ, இன்னும் இங்கதான் இருக்கேன். மூணு வருஷம் முன்னாடி மே மாசம் ஒரு சனிக்கிழமை எதிர்வீட்டு பாட்டிக்கு மூச்சு வாங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்கு தேனிக்கு கொண்டு போகணும்னுட்டாங்க, ஆம்புலன்ஸ் ஏரியில இருந்து பெருமாள்மலை தாண்டவே ஒண்ணேமுக்கா மணி நேரம் ஆச்சு, வழக்கமா அரைமணி நேரத்துல தாண்டிரலாம். வண்டிக்குள்ள நானும் இருந்தேன். முன்னாடி நின்ன கார்க்காரங்க மேல தப்பில்ல, ஒதுங்க இடமே இல்ல, ஒரு பக்கம் பாறை ஒரு பக்கம் பள்ளம். பாட்டி பொழச்சுட்டாங்க. ஆனா அன்னைக்கு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். உங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போச்சு, எங்களுக்கு ரெண்டு மாசம் வீட்டு வாசலத் தாண்ட முடியாது. எனக்கு 6000ங்கறதே அதிகம். சொல்லப்போனா நெருக்கடி சனி ஞாயிறுதான், அன்னைக்கே 2000 கூட்டி விடுறாங்களே, அது எப்படி சரின்னு எனக்கு இன்னும் புரியல.

பூம்பாறை_பூண்டு:
டீச்சர் அக்கா சொல்றது ஊருக்குள்ள நெசம். ஆனா கொடைக்கானல்னா ஏரி மட்டும் இல்ல. நாங்க அங்க இருந்து இருபது கிலோமீட்டர் கிட்ட உள்ள இருக்கோம். எனக்கு அடுக்கு வயல்ல பூண்டு, கேரட், கொஞ்சம் உருளை. மலைப்பூண்டுக்கு 2019ல புவிசார் குறியீடு கிடைச்சுது, பேர் வந்துச்சு, விலை மட்டும் நம்ம கையில இல்ல, மூட்டையக் கட்டி வடுகபட்டி சந்தைக்கு அனுப்பிட்டு அங்க என்ன சொல்றாங்களோ அதை வாங்கிட்டு வரணும். அதுக்குத்தான் வீட்டுக்கு மேல ரெண்டு ரூம் எடுத்து கட்டி விட்டிருக்கேன். வெளஞ்சதுக்கு விலை இல்லாத வருஷம் அந்த ரெண்டு ரூம் வாடகைலதான் பிள்ளைங்க ஃபீஸ் கட்டுனேன். இப்ப பாஸ் கிடைக்கலன்னு போன வாரம் மட்டும் மூணு குடும்பம் கேன்சல்.

கூட்டம் எங்க இருக்குன்னு பாருங்க. வர்றவங்க அத்தன பேரும் 12 மைல் சுத்துலதான் நிக்கிறாங்க. மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை, முடிஞ்சுது, திரும்ப ஏரி. போன வருஷம் ஒரு மலையாளப் படம் வந்ததுல இருந்து குணா குகைப் பக்கம் நிக்க இடம் இல்ல. அதே நேரம் எங்க ஊர் குழந்தை வேலப்பர் கோயில்ல பத்து பேர் இருந்தா அதிகம். அங்க நெரிசல்னா அங்க கட்டுப்பாடு போடுங்க, மொத்த மலைக்கும் கேட் போட்டா எங்க வயித்துலதான் அடிக்கும்.

மதுரை_ரைடர்:
இதத்தான் ப்ரோ நானும் சொல்றேன். ரோட்ட அகலப்படுத்துங்க, மல்டிலெவல் பார்க்கிங் கட்டுங்க, வர்றவன தடுக்காதீங்க.

மஞ்சளாறு_விவசாயி:
ரோட்ட அகலப்படுத்தணும்னா மலையத்தான் வெட்டணும் தம்பி. நான் தேவதானப்பட்டிப் பக்கம், கீழ இருக்கவன், கொடைக்கானலுக்கு என் வாழ்க்கைல நாலஞ்சு தடவதான் போயிருப்பேன். ஆனா நான் குடிக்கிறது அந்த மலைத் தண்ணி. வத்தலகுண்டு ரோட்டுல டம்டம் பாறைல நின்னு எல்லாரும் போட்டோ எடுப்பீங்களே எலிவால் அருவி, அது கிட்டத்தட்ட 300 மீட்டர் விழுந்து மஞ்சளாறுக்குத்தான் வருது. பழனிப் பக்கம் வரதமாநதி, பாலாறு பொருந்தலாறு, குதிரையாறுன்னு அணை எல்லாம் நிறையறதும் இதே மலையாலதான். மேல சோலைக்காடும் புல்வெளியும் இருக்குல்ல, அது மழைத்தண்ணிய பஞ்சு மாதிரி உறிஞ்சு வச்சுக்கிட்டு கோடைல கொஞ்சம் கொஞ்சமா விடும். வெள்ளக்காரன் காலத்துல இருந்து அந்தப் புல்வெளில சீகை மரமும் யூகலிப்டசும் பைனும் நட்டே பாதி புல்வெளி போச்சு, மிச்சம் இருக்கறதுல ரிசார்ட், பார்க்கிங்னு காங்கிரீட்ட ஊத்தினா சித்திரைல எங்க கிணத்துல என்ன இருக்கும்? வெள்ளி அருவில விழறது கூட ஏரி நெறஞ்சு வழியுற தண்ணிதான். அந்த ஏரிக்கரைல ஒரு சனிக்கிழமை எவ்ளோ குப்ப சேருதுன்னு நீங்களே பாத்திருப்பீங்க. 5 லிட்டருக்கு கம்மியான பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு போனா ஒரு பாட்டிலுக்கு 20 ரூபா கட்டணும்னு போட்டதெல்லாம் அதனாலதான்.

மன்னவனூர்_ஜீப்:
அண்ணே தண்ணி விஷயம் ஒத்துக்கறேன். ஆனா குப்ப போடுறவன் 4000 வண்டில வந்தாலும் போடுவான், 10000ல வந்தாலும் போடுவான். நான் பதினோரு வருஷமா ஜீப் ஓட்டுறேன். மே, ஜூன்ல சம்பாதிக்கறதுலதான் மழைக்காலத்துல டியூ கட்டணும். மன்னவனூர் ஆட்டுப் பண்ணை, ஏரி, கூக்கல் எல்லாம் காட்டி சாயங்காலம் கொண்டாந்து விட்டா ஒரு குடும்பமே சந்தோஷமா போகும். அந்த சவாரி நின்னா எனக்கு வேற தொழில் தெரியாது. வயசு நாப்பத்தஞ்சு.

ஏரிரோடு_டீச்சர்:
ஜீப் தம்பி, உங்க பொழப்பு கெடணும்னு நான் சொல்வேனா. ஒண்ணு கேக்கறேன், பேரிஜம் ஏரிக்கு எத்தன வருஷமா வனத்துறை பாஸ் இருக்கு? இத்தன வண்டிதான்னு கணக்கு, யானை நின்னா அன்னைக்கு யாருக்கும் கிடையாது. அதுக்கு எந்த டிரைவராவது சண்டை போட்டீங்களா? இல்ல. ஏன்னா உள்ள போனா அமைதியா இருக்கும்னு தெரியும், பாத்தவங்க திரும்ப வருவாங்க. அந்தக் கட்டுப்பாடு இருக்கறதாலதான் பேரிஜம் இன்னும் பேரிஜமா இருக்கு.

அப்புறம் வண்டிக்குத்தான் கணக்கு, ஆளுக்கு இல்ல. கவர்மெண்ட் பஸ்ஸுக்கு இந்த எண்ணிக்கையே கிடையாது. காரை வத்தலகுண்டுலயோ பழனிலயோ விட்டுட்டு பஸ்ல வாங்களேன். ஒரு பஸ்ல அம்பது பேர் வந்தா பத்து கார் குறையும். மேல வந்து நம்ம ஜீப்ப எடுங்க, இந்தத் தம்பிக்கும் சவாரி ஆச்சு.

மதுரை_ரைடர்:
அக்கா எங்க அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு. லீவு நாள்ல வத்தலகுண்டு ஸ்டாண்ட்ல நின்னு பஸ்ஸுக்குள்ள ஏறச் சொல்றீங்களா? நின்னுக்கிட்டே அத்தன வளைவு ஏறணும். வசதி இருக்கவன் வாரநாள்ல காட்டேஜ் எடுத்து வந்துருவான், ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு இருக்கவன்தான் வெளிய நிப்பான். இதுல நியாயம் எங்க இருக்கு?

மன்னவனூர்_ஜீப்:
அது நெசம். டீச்சர் சொல்றதும் எனக்கு லாபந்தான், கார் வராட்டி என் ஜீப்புக்குத்தான் ஆள் வரும். ஆனா பஸ் எங்க இருக்கு? கொடைக்கானல் ஸ்டாண்ட்ல இருந்து எங்க ஊருக்கு, பூண்டிக்கு, கிளாவரைக்கு வர்ற பஸ் ரொம்பக் கொஞ்சம், அதுலயும் எங்க பொம்பளைங்க கேரட் மூட்டையோட நிக்கிறாங்க. மொதல்ல பஸ்ஸ கூட்டுங்க, அப்புறம் கார கொறைங்க. இங்க தலைகீழா நடக்குது.

மஞ்சளாறு_விவசாயி:
இந்தத் தம்பி சொல்றதுல மாத்துக் கருத்து இல்ல. பஸ் கூட்டணும்.

வெள்ளகவி_மருமகன்:
இவ்ளோ நேரம் படிச்சுட்டு இருந்தேன். என் மாமியார் ஊர் வெள்ளகவி. அங்க காரே வராது, ரோடே இல்ல. வட்டக்கானல்ல இருந்து டால்பின் நோஸ் வழியா எறங்கணும், இல்ல கும்பக்கரைல இருந்து ஏறணும். ரோடு வர்றதுக்கு முன்னாடி வெள்ளக்காரன் மொத மொதல்ல கொடைக்கானல் ஏறினது வெள்ளகவி வழியாத்தான்னு சொல்வாங்க. இன்னைக்கும் யாருக்காச்சும் முடியலன்னா டோலி கட்டித்தான் தூக்கிட்டு வராங்க. ஊருக்குள்ள யாரும் செருப்பு போட மாட்டாங்க, ஊர் முழுக்க சாமி இருக்குன்னு நம்பிக்கை. டிரெக்கிங்னு வர்ற பசங்க பாதிப்பேர் ஷூவோட கோயில் திண்ணைல உக்காந்து வீடியோ எடுக்கறாங்க, சொன்னா கோவிச்சுக்கறாங்க. பூம்பாறை அண்ணன் கூட்டத்தப் பிரிச்சு உள் ஊருக்கு அனுப்புங்கன்னு சொல்றார். எங்களுக்கு அது பயமா இருக்கு. கேக்காம யாரும் வர வேணாம், வந்தா ஊர்ல ஒருத்தர கைடா கூட்டிக்கணும், அவருக்கு கூலி கொடுக்கணும்.

பூம்பாறை_பூண்டு:
மாப்ள நீங்க சொன்னது சுருக்குன்னு இருந்துச்சு. நான் எங்க ஊரை மனசுல வச்சுத்தான் சொன்னேன். எங்க ஊர்லயும் வயல் வரப்புல எறங்கி டிரோன் விடுறாங்க, பூண்டுப் பாத்திய மிதிச்சுட்டு சாரி சொல்லிட்டுப் போறாங்க. இருந்தும் ஆள் வரணும்னுதான் நான் நிப்பேன், எனக்கு அந்த வாடகை வேணும். ஆனா வண்டி கணக்கே வேணாம்னு இனி சொல்லல. உள் ஊர்ல ரூம் போட்டு ராத்தங்கறவனுக்கு தனிக் கணக்கு கொடுங்க, காலைல வந்து சாயங்காலம் எறங்கறவனுக்கு தனியா வைங்க, அதான் எங்க கோரிக்கை.

ஏரிரோடு_டீச்சர்:
ராத்தங்கறவங்களும் எங்க தெரு வழியாத்தானே தம்பி உங்க ஊருக்கு வரணும். தனிக் கணக்கு கொடுத்தா மொத்தக் கணக்குல குறைக்கணும், கூட்டக் கூடாது. அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மதுரை_ரைடர்:
எனக்கு இந்த எண்ணிக்கை இன்னும் உடன்பாடு இல்ல, ஞாயித்துக்கிழமைக்காரனுக்கு இதுல பதில் இல்ல. ஆனா டோலி விஷயம், ஆம்புலன்ஸ் விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது. லீவு சொல்லிட்டேன், அடுத்த செவ்வாய்க்கு பாஸ் போட்டாச்சு. பூம்பாறை அண்ணே, அப்பாவுக்கு படி ஏற முடியாது, கீழ ரூம் இருக்கா?

பூம்பாறை_பூண்டு:
மாடில தான் ரூம் தம்பி. அப்பா அம்மாவுக்கு கீழ எங்க ரூம ஒழிச்சுத் தரேன், நாங்க மாடில படுத்துக்கறோம். ராத்திரி குளிரும், கம்பளி இருக்கு. தண்ணிக்கு பெரிய கேன் எடுத்துட்டு வாங்க, சின்ன பாட்டில் வேணாம்.

ஏரிரோடு_டீச்சர்:
வர்ற வழில பெருமாள்மலைய காலைல எட்டு மணிக்குள்ள தாண்டிருங்க. சாயங்காலம் ஊருக்குள்ள காட்டுமாடு நடமாட்டம் இருக்கு, பிள்ளைங்க கிட்டப் போகாம பாத்துக்கங்க.