ரொறன்ரோவின் 'சராசரி' குளிரை நம்பி உடுப்பு வாங்கலாமா?

வெள்ளவத்தை அம்மம்மா:

மார்ச் நடுப்பகுதியில் மகளுக்குப் பிரசவம். பெப்ரவரி 28 நான் ரொறன்ரோவுக்குப் புறப்படுகிறேன். அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாகக் குளிர்நாட்டில் கால் வைக்கப் போகிறேன்.

அங்கே பெப்ரவரியில் சராசரியாகப் பகலில் பூச்சியத்தை ஒட்டியும் இரவில் மைனஸ் 8, 9 அளவிலும் இருக்கும் என்று பார்த்தேன். மார்ச்சில் பகல் வெப்பம் 4, 5 பாகைக்கு ஏறிவிடுமாம். அதை நம்பி, புறக்கோட்டையில் ஒரு கம்பளிச் சட்டையும் அதிகம் தடிப்பில்லாத ஒரு கோட்டும் வாங்கி வைத்துவிட்டேன். நேற்று மகள், "அம்மா, இன்று விடிய மைனஸ் 21. கதவைத் திறக்கவே பயமாக இருக்கிறது" என்கிறாள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. சராசரி மைனஸ் 8 என்றால் இந்த 21 எங்கிருந்து வந்தது? குளிர்காலம் முடியும் நேரத்தில் குளிர் குறையத்தானே வேண்டும்?

இங்கேயும் இந்தக் கிழமை குளிர்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன். மொட்டை மாடிக் கொடியில் இரவு விட்டிருந்த சேலை, ஏழு மணிக்கும் பனியில் நனைந்து கனத்துக் கிடந்தது. கைபேசி 20 பாகை காட்டியது. என் அம்மா இருந்திருந்தால், "மாசிப் பனி மூசிப் பெய்யும்" என்று சொல்லி என் காதைச் சுற்றித் துணி கட்டிவிட்டிருப்பார். இந்த 20 கொழும்புக்கு வழக்கமானதுதானா? கோட்டை மாற்றுவதென்றால் பத்து நாள்தான் இருக்கிறது. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

புவியியல் ஆசிரியர் (ஓய்வு):

சகோதரி, முதலில் கொழும்பைப் பார்ப்போம். பெப்ரவரியில் இங்கே இரவுக் குறைந்த வெப்பநிலையின் சராசரி 22 பாகைக்குச் சற்று மேலே. நீங்கள் கண்ட 20, அதிலிருந்து இரண்டு மூன்று பாகை கீழே. வடகீழ்ப் பருவக்காற்று ஓய்கிற காலத்தில் வானம் தெளிந்து, காற்று உலர்ந்திருக்கும் இரவுகளில் நிலம் தன் சூட்டை வேகமாக இழந்துவிடும். அப்போது காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த பொருள்கள்மேல் நீராகப் படியும். அதுதான் உங்கள் சேலையை நனைத்த பனி. இதற்கு மேல் கொழும்பு குளிர்வது மிக அரிது. கடல் விடாது. ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிகச் சூடான மாதத்துக்கும் இடையே இங்கே சராசரியில் ஏறக்குறைய இரண்டு பாகைதான் வித்தியாசம்.

அதனால்தான் நமக்குச் 'சராசரி' என்ற சொல் ஏமாற்றமில்லாத சொல்லாகப் பழகிவிட்டது. ரொறன்ரோவில் அப்படியில்லை. 'வழமையான வெப்பநிலை' என்று வானிலையாளர்கள் சொல்வது முப்பது ஆண்டுகளின் சராசரி. இப்போது 1991 முதல் 2020 வரையானதை எடுக்கிறார்கள். அதற்குள் மைனஸ் 20 நாட்களும் இருக்கின்றன, பனி உருகி ஓடும் நாட்களும் இருக்கின்றன. இரண்டையும் கூட்டி வகுத்தால்தான் மைனஸ் 8 வருகிறது. மகள் கண்ட மைனஸ் 21, அந்த இலக்கத்திலிருந்து பன்னிரண்டு பாகைக்கு மேல் கீழே. கொழும்பில் அதே அளவு இறங்கினால் 10 பாகை. அப்படியொரு காலையை இந்த நகரம் கண்டதில்லை.

குளிர்காலக் கடைசியில் ஏன் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. பெப்ரவரியில் சூரியன் மெல்லத் திரும்பி வந்தாலும், வட துருவப் பகுதி பல மாத இருளில் உறைந்து கிடக்கிறது. ஆர்க்டிக் கடலில் பனிக்கட்டி மிகப் பரந்திருப்பதே மார்ச்சில்தான். அந்தக் குளிர்க் காற்றைத் துருவத்தைச் சுற்றி ஓடும் காற்றோட்டம் வேலிபோலத் தடுத்து வைத்திருக்கிறது. வேலி தளர்ந்து தெற்கே வளைந்தால் குளிர் கொட்டிவிடும். 2018 பெப்ரவரியில் துருவத்துக்கு மேலே உயரத்தில் உள்ள காற்றடுக்கான படைமண்டலம் திடீரெனச் சூடேறி, அங்கே துருவத்தைச் சுற்றி ஓடும் காற்றோட்டமான துருவச் சுழல் பிளந்தது. இரண்டு கிழமைக்குள் பிரித்தானியா உறைந்தது. 2021 பெப்ரவரி 16 அன்று டெக்சாசின் டலஸ் நகரில் மைனஸ் 19. அங்கே அந்த நாட்களில் இரவு வழமை 4 பாகை அளவுதான். டெக்சாஸ் மாநிலத்தில் குளிராலும் மின்வெட்டாலும் இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களின் வீடுகளும் மின்நிலையங்களும் வழமையை நம்பிக் கட்டப்பட்டவை.

ஆகவே சராசரியைப் பார்த்துக் கோட் வாங்காதீர்கள். மிகக் குளிர்ந்த நாளைப் பார்த்து வாங்குங்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு நுவரெலியாக்காரன்:

ஆசிரியர் ஐயா சொன்னது முழுக்க உண்மை. ஆனால் மலையகத்தை விட்டுவிட்டார், அதுதான் மனக்குறை. எங்கள் ஊரில் இந்த மாதங்களில் இரவுச் சராசரி 9 பாகை அளவு. ஆனாலும் காற்றில்லாத தெளிந்த இரவில், பள்ளத்தில் உள்ள புல் விடியும்போது உப்புத் தூவியது போல வெளுத்திருக்கும். காற்றில் தொங்கும் வெப்பமானி 3, 4 காட்டும். தரையோ பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும்.

அப்பா வெயில் ஏறுவதற்கு முன் உருளைக்கிழங்குப் பாத்திக்கு ஓடி, வாளித் தண்ணீரை இலையில் தெளிப்பார். பிந்திவிட்டால், பத்து மணிக்கு இலையெல்லாம் வெந்நீர் ஊற்றியது போலக் கறுத்துத் தொங்கும். தேயிலைக் கொழுந்தும் அப்படித்தான் கருகும். மாதம் முழுவதும் வழமையாக இருந்து, ஒரு விடியல் மட்டும் கெட்டுப்போனால் போதும். அந்தப் போகம் போய்விடும். அம்மா, காதையும் கைவிரலையும் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் முதலில் அங்கேதான் கடிக்கும்.

தெகிவளை அன்ரி:

நான் 2015 பெப்ரவரியில் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் தங்கையுடன் இருந்தேன். அந்த மாதத்தின் சராசரியே மைனஸ் 12 பாகைக்குக் கீழே போனது. அங்கே காற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். 'உணரும் குளிர்' மைனஸ் 28க்குக் கீழே என்றால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையலாம்.

தடித்த கோட்டை இங்கே தேடி அலையாதீர்கள். பெப்ரவரிக் கடைசியில் அங்கே குளிர் உடுப்புகள் மலிவு விற்பனைக்கு வந்துவிடும். உள்ளே உடலோடு ஒட்டும் தெர்மல் உள்ளுடுப்பு, மேலே கம்பளி, அதற்கு மேல் காற்றுப் புகாத கோட். பருத்தியை உள்ளே போடாதீர்கள். வியர்வையில் நனைந்து உடம்பைக் குளிர்வித்துவிடும். சப்பாத்து மிக முக்கியம்.

வெள்ளவத்தை அம்மம்மா:

எல்லாருக்கும் மனம் நிறைந்த நன்றி. ஐயா, 'அப்படியொரு காலையை இந்த நகரம் கண்டதில்லை' என்ற வரியை வாசித்ததும்தான் எனக்கு முழுவதும் விளங்கியது. நுவரெலியாத் தம்பி, உங்கள் அப்பா வாளியோடு ஓடியதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

கோட்டை இன்று கடையில் கொடுத்து இரண்டு தெர்மலும் கம்பளிக் கையுறையும் மாற்றி வாங்கினேன். மாடியில் இருக்கும் பிள்ளை கனடாவிலிருந்து கொண்டுவந்த சப்பாத்தைத் தந்தாள். இரண்டு காலுறை போட்டால் அளவு சரி. விமான நிலையத்துக்கு வரும்போது தன் பெரிய கோட்டைக் கையில் கொண்டு வரும்படி மருமகனிடம் சொல்லிவிட்டேன்.